வந்த நாய் வீட்டு நாயாவது எப்படி

காப்பகத்துக்குப் போய்ப் பார்த்து, எந்த நாய் என்று முடிவும் செய்துவிட்டீர்கள். இந்த அத்தியாயம் அடுத்த மூன்று மாதங்களைப் பற்றியது. 1959-இல் கேப்டன் சுந்தரம் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் ஆகட்டும், மாவட்டங்களில் இயங்கும் சிறு காப்பகங்கள் ஆகட்டும், அங்கே வீடு தேடிக் காத்திருப்பவற்றில் பெரும்பாலானவை நாட்டு நாய்கள். அதனால் இங்கே சொல்லும் உதாரணங்களும் நாட்டு நாயை மனதில் வைத்தே. சிப்பிப்பாறை, லேப்ரடார் என்று வேறு எது வந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

நாய்க்குப் பயிற்சி என்றதும் 'உட்கார்', 'கை கொடு' என்பவைதான் நினைவுக்கு வரும். அதற்கு நீங்கள் ஒதுக்கப்போவது தினமும் பத்து நிமிடம். ஆனால் நாய் விழித்திருக்கும் நேரமெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறது. எங்கே நின்றால் சோறு விழும், எவ்வளவு குரைத்தால் கதவு திறக்கும், யார் வந்தால் ஒதுங்க வேண்டும், எந்த மூலையில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று கணக்குப் போட்டபடியே இருக்கிறது. பலன் தந்த செயலை மறுபடி செய்யும். பலன் தராததைக் கொஞ்ச நாளில் விட்டுவிடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தில் மீதியெல்லாம் நீங்களே ஊகிக்கக்கூடியவை.

வருவதற்கு முன்பு

வீட்டில் இருக்கும் எல்லோரும் உட்கார்ந்து சில விஷயங்களை முடிவு செய்யுங்கள். சோபாவில் ஏறலாமா? சமையலறைக்கும் பூஜை அறைக்கும் உள்ளே வரலாமா? இரவில் எங்கே படுக்கும்? காலையில் வெளியே கூட்டிப்போவது யார்? எந்தப் பதிலும் தவறில்லை. ஆளுக்கொரு பதில் இருப்பதுதான் தவறு. சொற்களையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அப்பா 'உட்கார்' என்றும், மகள் 'சிட்' என்றும், அம்மா 'சும்மா இரு' என்றும் சொன்னால் நாய்க்கு அவை மூன்று தனித்தனி ஓசைகள்.

பெரும்பாலான வீடுகளில் ஒப்பந்தம் உடைவது சாப்பாட்டு மேஜையில்தான்.

"வாயையே பார்க்குது, பாவம். ஒரு விள்ளல் இட்லிதானே, போட்டா என்னப்பா?"

"போடுங்க பாட்டி. ஆனா நாம சாப்பிட்டு முடிச்ச பிறகு, அது தட்டுல வச்சுப் போடுங்க."

இதில் பாட்டி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இட்லியால் கேடில்லை. மேஜையிலிருந்து விழுவதுதான் சிக்கல். அதிலும் என்றோ ஒருநாள் விழுவது இன்னும் மோசம். தினமும் கிடைப்பது நின்றால் நாய் சீக்கிரம் கைவிட்டுவிடும். எப்போதாவது கிடைப்பதற்காக மாதக்கணக்கில் விடாமல் நிற்கும். நாய்க்குச் சோறு வைக்கும் பொறுப்பையே பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். கொடுக்கும் ஆசையும் தீரும், மேஜைச் சண்டையும் ஓயும்.

வாங்கி வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: கழுத்துப்பட்டை, மார்போடு பூட்டும் ஹார்னஸ், ஆறடி லீஷ், உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு, கனமான இரண்டு கிண்ணங்கள், கழுவக்கூடிய படுக்கை. பழைய போர்வை இருந்தால் படுக்கைக்கு அதுவே போதும். காப்பகத்தில் அது படுத்திருந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தால் இன்னும் நல்லது. அந்த வாசனை முதல் சில இரவுகளுக்குத் துணையாக இருக்கும்.

இடம் ஒன்றை ஒதுக்குங்கள். நடமாட்டம் குறைந்த, மூன்று பக்கம் மறைவுள்ள மூலை வேண்டும். ஹாலில் திவானுக்கு அடியில் என்றால்கூட நாய்க்குப் பிடிக்கும். அந்த மூலையில் இருக்கும்போது அதை யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. இந்த விதி குழந்தைகளுக்கு முதல் நாளே தெரிய வேண்டும்.

அழைத்துவரும் நாளும் அடுத்த சில நாட்களும்

புதிதாகத் தத்தெடுத்த நாய் காணாமல் போவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். அதற்கு இன்னும் இது தன் வீடு என்று தெரியாது. ஆட்டோ கதவு திறந்ததும், கேட் திறந்ததும், பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடும். அதனால் முதல் மாதம் கழுத்துப்பட்டை, ஹார்னஸ் இரண்டையும் போட்டு, லீஷை ஹார்னஸில் மாட்டுங்கள். காலிங் பெல் அடித்தால் முதலில் நாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கதவைத் திறங்கள். வேலைக்கு வரும் அக்காவுக்கும் வாட்ச்மேனுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் முன் ஒண்ணுக்குப் போக வேண்டிய இடத்துக்கு நேரே கூட்டிப்போங்கள். பிறகு உள்ளே வந்து அதன் மூலை, தண்ணீர் இரண்டையும் காட்டினால் போதும். அக்கம்பக்கத்தாரும் உறவினரும் பார்க்க வருவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

தத்தெடுத்தவர்களிடையே மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. மூன்று நாள் மிரட்சி. மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும். மூன்று மாதத்தில் உண்மையான சுபாவம் வெளியே வரும். முதல் நாட்களில் சாப்பிடாமல் இருக்கலாம், நாளெல்லாம் தூங்கலாம், குரைக்காமல் சாதுவாகவே இருக்கலாம். புது ஆபீஸில் சேர்ந்தவர் முதல் வாரம் வாயே திறக்காமல் இருப்பதைப் பார்த்து 'அமைதியான ஆள்' என்று முடிவு கட்டுவோமா? நாய் விஷயத்திலும் பொறுத்திருங்கள்.

இந்த நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியது கவனிப்பது. தூக்கம் இல்லாத நேரத்தில் கொட்டாவி, தின்பண்டம் எதுவும் இல்லாமலே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது ஆகிய எல்லாமே 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்பதன் படிகள். உறுமல் அதற்கு அடுத்த படி. உறுமியதற்காக அதட்டாதீர்கள். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும். விலகி நின்று, எது அதை மிரட்டியது என்று பாருங்கள்.

மருத்துவரிடம்

முதல் சில நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காப்பகம் கொடுத்த தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குட்டியாக இருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்டவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம்வரை தொடரும். ரேபிஸ் ஊசி மூன்று மாத வயதில். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். அட்டை இல்லாத வளர்ந்த நாய்க்கு, போட்டிருப்பார்கள் என்று நம்பி விட்டுவிடாமல், புதிதாகவே தொடங்கச் சொல்வார்கள். ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால் அது தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தில் அறுவை சிகிச்சை ஆனதற்கான அடையாளம். காயமென்று பதற வேண்டாம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது உண்ணி. காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், வாலுக்கு அடியில் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணி பரப்பும் காய்ச்சல் உள்ளே இருந்து சில வாரம் கழித்துத் தலைகாட்டலாம். சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், காபி நிறச் சிறுநீர் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையையோ வலி மாத்திரையையோ கொடுக்காதீர்கள். மனிதருக்கான அந்த மாத்திரைகள் பல நாய்க்கு நஞ்சு.

வெள்ளை ராஜபாளையம் நாயைத் தத்தெடுத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாமை உண்டு. தூங்கும்போது பின்னாலிருந்து கைதட்டுங்கள். காது அசையவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காது கேளாத நாய் கைச்சாடைக்கு நன்றாகவே பழகும்.

ஒண்ணுக்கும் ரெண்டுக்கும்

தெருவில் வளர்ந்த நாய்க்கு வீட்டுக்குள் போகக்கூடாது என்று தெரிய வாய்ப்பே இருந்ததில்லை. அதற்கு இரண்டு விஷயம் புரிய வேண்டும்: எங்கே போவது, போனால் என்ன கிடைக்கும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்பும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். பேசாமல் நில்லுங்கள். போய் முடித்த மறுகணம், அந்த இடத்திலேயே, 'சபாஷ்' என்று சொல்லித் தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்கான பரிசாக அதை எடுத்துக்கொள்ளும். குட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்குத் தோராயக் கணக்கு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம். மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரம் தாங்கினால் பெரிது.

உள்ளே போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, செருப்பைக் காட்டுவது எதுவும் வேண்டாம். அதிலிருந்து நாய் கற்பது, 'இவர்கள் கண் முன்னால் போகக்கூடாது' என்பதை மட்டுமே. பிறகு பீரோ பின்னால் போய் ஒளிந்து போகும். வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் எதிரில் போகாது. துடைப்பதிலும் கவனம் தேவை. பினாயில் வாசனை நம் மூக்குக்குத்தான் மூத்திர வாடையை மறைக்கும். கறுப்பு பினாயில் பட்ட காலை நாய் நக்கினால் உடம்புக்கும் கேடு. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தால் துடையுங்கள்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் ஒரு பையும் பழைய செய்தித்தாளும் இல்லாமல் கீழே இறங்காதீர்கள். நாய் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக் கோலத்தின்மீது விழுந்ததை அள்ளாமல் வந்தால் எந்த வழிகாட்டுதலும் கைகொடுக்காது.

சோறு

காப்பகத்தில் சாப்பிட்டதையே சில நாள் தொடர்ந்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் வீட்டு உணவுக்கு மாற்றுங்கள். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை, குட்டிக்கு மூன்று அல்லது நான்கு. நாள் முழுக்கக் கிண்ணத்தில் வைத்திருக்க வேண்டாம். வேளைக்கு வைத்து, கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டால் வெளிக்குப் போகும் நேரமும் சீராகும்.

நம் சமையலில் ஆபத்தானவை சில இருக்கின்றன. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே சாம்பார் சாதம் கூடாது. பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாக்லேட் கூடவே கூடாது. சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டாலும் அப்படியே. வேகவைத்த எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

பட்டினி பார்த்த நாய் சாப்பிடும்போது கிட்டே வருபவரை உறுமலாம். 'எஜமான் யார் என்று காட்டுகிறேன்' என்று கிண்ணத்தில் கை விடாதீர்கள். அது பயந்தது சரிதான் என்று நீங்களே நிரூபித்தது போலாகும். மாறாக, அது சாப்பிடும்போது சற்றுத் தள்ளி நடந்துபோகையில் ஒரு துண்டு ஈரலைக் கிண்ணத்தின் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போங்கள். மனிதர் கிட்டே வந்தால் கிண்ணத்தில் கூடும், குறையாது என்று புரிந்தபின் உறுமலுக்குத் தேவையிருக்காது. குழந்தைகளை இந்தப் பயிற்சியில் சேர்க்காதீர்கள்.

நான்கு பாடங்கள்

ஒரு வாரம் ஆகி, நாய் உங்களைக் கண்டு வாலாட்டத் தொடங்கியதும் ஆரம்பிக்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. வேகவைத்த கோழி அல்லது ஈரலைக் கடலை அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

*உட்கார்.* ஒரு துண்டை விரல்களுக்கு நடுவில் பிடித்து நாயின் மூக்குக்கு அருகில் கொண்டுபோங்கள். மோந்ததும், கையை மெதுவாக அதன் தலைக்கு மேல், இரு காதுக்கும் நடுவே பின்னோக்கி நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப் போக பின்பக்கம் தானாகத் தாழும். தரையைத் தொட்ட நொடியில் 'சபாஷ்', துண்டு வாய்க்குள். கை உயரமாகப் போனால் நாய் எம்பும், தாழ்த்திப் பிடியுங்கள். முதுகை அழுத்தி உட்கார வைக்காதீர்கள். இதுவரை 'உட்கார்' என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கை அசைவுக்கு ஒவ்வொரு முறையும் உட்காரத் தொடங்கிய பிறகு, அசைவுக்குச் சற்று முன் ஒரே ஒருமுறை சொல்லுங்கள். 'உட்கார், உட்கார், உட்காருடா' என்று அடுக்கினால் மூன்றாவது முறைதான் உட்கார வேண்டும் என்று அது படித்துக்கொள்ளும்.

*வா.* உயிரைக் காக்கும் பாடம் இது. வீட்டுக்குள் இரண்டடி தூரத்தில் தொடங்கி, வந்தால் மிக நல்ல பண்டம் கொடுங்கள். பிறகு அடுத்த அறையிலிருந்து, அதன்பின் சுற்றுச்சுவர் உள்ள மொட்டை மாடியில் நீளக் கயிறோடு. 'வா' என்று கூப்பிட்டுத் திட்டாதீர்கள், மருந்து ஊற்றாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். அவற்றுக்கு நீங்களே எழுந்து போய்க் கூட்டிவாருங்கள்.

*விடு.* பிரியாணிக் கடை வாசலில் கிடக்கும் எலும்பு இந்தப் பாடத்தின் அவசியத்தைச் சொல்லும். மூடிய கைக்குள் ஒரு துண்டை வைத்து நீட்டுங்கள். நக்கும், சுரண்டும், கை திறக்கக்கூடாது. மூக்கை விலக்கிய நொடியில் மறு கையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். ஏற்கெனவே வாயில் கவ்வியதைப் பிடுங்க வேண்டாம்; அதைவிடச் சுவையான ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிடுங்கினால் அடுத்த முறை அவசரமாக விழுங்கிவிடும்.

*இழுக்காமல் நடப்பது.* லீஷ் இறுகினால் நீங்கள் நின்றுவிடுங்கள். நாய் திரும்பிப் பார்த்து லீஷ் தளர்ந்ததும் நடங்கள். இங்கே பரிசு, நடைதான். முதல் நாட்களில் தெருமுனைவரை போகவே கால் மணி நேரம் ஆகும். அவசரத்தில் ஒருநாள் இழுத்த இழுப்புக்குப் போய்விட்டால், இழுத்தால் போகலாம் என்ற பழைய கணக்கு திரும்பிவிடும். வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குள்ளும் இருட்டிய பிறகும் நடங்கள். புறங்கையைச் சாலையில் ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

தெரு நாய்களும் பட்டாசும்

உங்கள் தெரு ஏற்கெனவே சில நாய்களின் எல்லை. புதிய நாய் லீஷில் கட்டுண்டு நடக்கும்போது அவை சூழ்ந்துகொண்டு குரைக்கும். ஓடாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். உங்கள் நாயைப் பின்னால் விட்டு நடுவில் நின்று, முகத்தை வேறு பக்கம் வைத்து நிதானமாகத் திரும்புங்கள். முதல் வாரங்களில் அவை படுத்திருக்கும் நேரம் பார்த்து, வேறு பாதையில் போங்கள். அந்த நாய்களுக்குச் சோறு வைப்பவர் யாராவது இருந்தால், அவர் துணையோடு தொலைவிலிருந்து பழக்குவது எளிது.

யாரையாவது நாய் கடித்துவிட்டால், அது உங்கள் நாயோ தெரு நாயோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். ஊசி போட்ட நாய்தானே என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் 2018 முதல் காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் என்று வெடிக்க நேரம் குறித்திருக்கிறார்கள். வெடிப்பவர்கள் முந்தைய வாரமே தொடங்கிவிடுவார்கள். அந்த வாரம் முழுதும் லீஷ் இல்லாமல் வாசலுக்கு விடாதீர்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, டிவியைப் போட்டுவிட்டு நாயின் பக்கத்தில் உட்காருங்கள். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பார்கள். அப்படி வளராது, தாராளமாகத் தடவுங்கள்.

தனியே இருக்கப் பழக்குதல்

விடுப்பு எடுத்துக்கொண்டு நாயோடு பத்து நாள் ஒட்டியே இருந்துவிட்டு, பதினோராம் நாள் காலை எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு போனால் அது கதவைப் பிராண்டும், ஊளையிடும். இரண்டாம் நாளிலிருந்தே சிறுகச் சிறுகப் பழக்குங்கள். சாவியை எடுத்து, செருப்பை மாட்டி, கதவைச் சாத்தி, ஒரு நிமிடத்தில் திரும்புங்கள். பிறகு ஐந்து நிமிடம், கால் மணி, ஒரு மணி. போகும்போது கொஞ்சி விடைபெறவும் வேண்டாம். வந்ததும் ஆர்ப்பாட்டமும் வேண்டாம். ஊளையிட்டால், நீங்கள் போன நேரம் அதிகம் என்று பொருள். அடுத்த முறை குறைத்துக்கொண்டு, அங்கிருந்து கூட்டுங்கள்.

அடிக்கலாமா?

'கூட்டத்துக்குத் தலைவன் நீ என்று காட்டினால்தான் நாய் அடங்கும்' என்ற அறிவுரை உங்கள் காதுக்கு வரும். இதன் வேர், ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு. அடைப்பிடத்தில் வைத்திருந்த ஓநாய்கள் ஒன்றையொன்று அடக்கப் போட்ட சண்டையை அது விவரித்தது. டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் அதைப் பரப்பியது. அதே மெக், காட்டில் ஓநாய்களை நெடுநாள் கவனித்துவிட்டு, கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பமே என்று 1999-இல் எழுதினார். அடியின் விளைவு நேரடியானது: அடிப்பவர் இருக்கும்வரை ஒடுங்கும். வீட்டில் அடிக்க முடியாதவர் யார் என்பதையும் கண்டுபிடித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் குழந்தைதான்.

மூன்றாம் மாத முடிவில்

இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கூப்பிட்டால் வீட்டுக்குள் வருகிறதா? கடந்த இரண்டு வாரத்தில் உள்ளே ஒண்ணுக்குப் போகாமல் இருந்ததா? நீங்கள் இல்லாத சில மணி நேரத்தைத் தூங்கிக் கழிக்கிறதா? சாப்பிடும்போது நீங்கள் கடந்து போனால் தலை நிமிராமல் சாப்பிடுகிறதா? எதற்காவது 'இல்லை' என்று பதில் வந்தால் அந்தப் பகுதிக்குத் திரும்பி, கடைசியாகச் சரியாகச் செய்த படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தோலில் பல் பதியக் கடித்திருந்தாலோ, பயத்தில் நாட்கணக்கில் மூலையை விட்டு வராமல் இருந்தாலோ, முதலில் மருத்துவரிடம் காட்டி வலி ஏதும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு அடி, முள் பட்டை எதையும் பயன்படுத்தாத பயிற்சியாளரைத் தேடுங்கள். முதல் நாள் வந்து நாயைத் தொடாமல், வீட்டில் இருப்பவர்கள் அதனிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பவராக இருந்தால் அவரை விடாதீர்கள்.